ஆங்கிலத்தில் கீவ் நகரின் பெயரைச் சரியாக எழுதுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

உக்ரைன் தலைநகரைத் தமிழில் கீவ் என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது. ஆங்கிலத்தில் அப்படி இல்லை. அங்கே கே-ஒய்-ஐ-வி என்று ஒரு ஸ்பெல்லிங், கே-ஐ-இ-வி என்று இன்னொரு ஸ்பெல்லிங். முதலாவது, உக்ரைன் மொழியில் அந்த ஊரார் எழுதும் பெயரிலிருந்து வந்தது. இரண்டாவது, ரஷ்ய மொழி வழியாக வந்தது. இன்று நாம் எழுதும் ஆங்கிலத்தில் முதலாவதுதான் சரி.

இதைத் தெரிந்துகொண்டதும் புதியவர்கள் பெரும்பாலும் ஒரே காரியத்தைச் செய்கிறார்கள். கோப்பைத் திறந்து, பழையதைத் தேடி எல்லாவற்றையும் புதியதாக மாற்று என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிடுகிறார்கள். மேற்கோள், பட்டச் சான்றிதழின் நகல், இணைய முகவரி எல்லாம் ஒரே அடியில் கெட்டுப்போகின்றன. முதலில் பிரிக்க வேண்டும். மாற்றுவது கடைசி வேலை. கீழே உள்ள வரிசை அதற்காகத்தான்.

வசதிக்காக, ஒய் வரும் ஸ்பெல்லிங்கைப் புது வடிவம் என்றும் இ வரும் ஸ்பெல்லிங்கைப் பழைய வடிவம் என்றும் சொல்வோம்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில், எழுதுவது யாருக்கு என்று தெரிய வேண்டும். பத்திரிகை, பதிப்பகம், ஆய்விதழ் எதுவானாலும் பெயர்களையும் சொற்களையும் எப்படி எழுதுவது என்று சொல்லும் ஒரு நடைக் கையேடு அவர்களுக்கென்று இருக்கும். நகரின் பெயரில் இன்று அவற்றுக்குள் பெரிய வேறுபாடு கிடையாது. வரலாற்றுப் பெயர்களிலும் உணவுப் பெயர்களிலும்தான் ஆளுக்கொரு முடிவு எடுத்திருப்பார்கள். அந்தப் பக்கத்தை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

இரண்டாவதாக, கட்டுரையில் வரும் ஒவ்வோர் உக்ரைன் ஊர்ப் பெயரும் உக்ரைன் மொழியில் எப்படி எழுதப்படுகிறது என்ற பட்டியல் வேண்டும். ஆங்கில ஸ்பெல்லிங்கை வைத்து இன்னோர் ஆங்கில ஸ்பெல்லிங்கைத் திருத்தினால், பிழையிலிருந்து பிழைக்குத்தான் போவோம்.

மூன்றாவதாக, உக்ரைன் அமைச்சரவை 2010 ஜனவரி 27 அன்று தீர்மானம் எண் 55 ஆக வெளியிட்ட எழுத்துப்பெயர்ப்பு அட்டவணை. உக்ரைன் எழுத்து ஒவ்வொன்றுக்கும் எந்த ஆங்கில எழுத்து என்று அதில் இருக்கிறது. 2012இல் ஐக்கிய நாடுகளின் புவிப்பெயர் தரப்படுத்தல் மாநாடும் இந்த முறையை ஏற்றது. ஒரே ஒரு பக்கம்தான். அச்செடுத்து மேசையில் வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, கை படாத மூலக் கோப்பின் பிரதி ஒன்று. எதை எங்கே மாற்றினோம் என்று பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க இது இல்லாமல் முடியாது.

2. ஸ்பெல்லிங்கை எழுத்தெழுத்தாகப் புரிந்துகொள்ளுங்கள்

மனப்பாடம் செய்தால் மறந்துபோகும். காரணம் தெரிந்தால் கை தவறாது.

உக்ரைன் மொழியில் இந்தப் பெயருக்கு நான்கே எழுத்து. முதல் எழுத்து கே. இரண்டாவது, என் என்ற ஆங்கில எழுத்தைக் கண்ணாடியில் பார்த்தது போல இருக்கும். 2010 அட்டவணைப்படி அது ஒய். மூன்றாவது, தலையில் இரண்டு புள்ளி வைத்த ஐ. அது சொல்லின் தொடக்கத்தில் வந்தால் ஒய்-ஐ என்று இரண்டு எழுத்தாகும். நடுவில் வந்தால் வெறும் ஐ. இங்கே நடுவில் வருகிறது, எனவே ஐ. நான்காவது பார்வைக்கு ஆங்கில பி போல இருந்தாலும் அது வி. சேர்த்தால் கே-ஒய்-ஐ-வி.

ரஷ்ய மொழியிலும் நான்கு எழுத்துதான். முதலாவது, இரண்டாவது, நான்காவது எழுத்துகள் பார்க்க அப்படியே இருக்கும். ஆனால் அந்தக் கண்ணாடி எழுத்தை ரஷ்யப் பெயர்களில் ஐ என்று எழுதுவது வழக்கம். மூன்றாவது இடத்தில் இரட்டைப் புள்ளி ஐ-க்குப் பதில் இ இருக்கிறது. பழைய வடிவம் இப்படித்தான் வந்தது.

இங்கே அடிக்கடி நேரும் பிழைகள் மூன்று. ஒன்று, ஒய்-யும் ஐ-யும் இடம் மாறி கே-ஐ-ஒய்-வி ஆவது. இதுதான் மிக அதிகம். ஒரே நீளம், அதே நான்கு எழுத்து என்பதால் கண்ணுக்குச் சட்டென்று தட்டுப்படாது. கே-யை அடுத்து உடனே ஒய் என்று பழகிக்கொண்டால் போதும். இரண்டாவது, பாதி புதிது பாதி பழையதாக கே-ஒய்-இ-வி என்று எழுதுவது. இந்த இரண்டு மொழிகளில் எதிலிருந்தும் இப்படி ஒரு வடிவம் கிடைக்காது. மூன்றாவது, இரண்டு ஒய் போட்டு கே-ஒய்-ஒய்-ஐ-வி. இது தட்டச்சுப் பிழையாகவே இருக்க வேண்டும் என்றில்லை. 1965ஆம் ஆண்டின் அமெரிக்க-பிரிட்டன் எழுத்துப்பெயர்ப்பு முறையில் இப்படித்தான் வரும். பழைய வரைபடங்களில் பார்க்கலாம். இன்றைய எழுத்துக்கு எடுக்கக் கூடாது.

நூலகப் பட்டியல்களில் ஐ-யின் மேல் இரண்டு புள்ளியோடு வருவதும் உண்டு. அது நூலகர்களின் தனி முறை. நூல் விவரம் தரும் இடத்தில் அவர்கள் போட்டபடியே விடுங்கள். உங்கள் வாக்கியத்துக்குள் கொண்டுவர வேண்டாம்.

3. பெயர் வரும் இடங்களை நான்காகப் பிரியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால், இதைச் செய்யுங்கள். கோப்பில் நகரின் பெயர் வரும் ஒவ்வோர் இடத்தையும் பார்த்து, அது எந்த வகை என்று ஓரத்தில் குறியுங்கள்.

முதல் வகை, நகரத்தையே குறிக்கும் இடம். இரண்டாவது, ஒரு நிறுவனம், அணி, பல்கலைக்கழகம், உணவு, கப்பல் போன்றவற்றின் பெயருக்குள் வரும் இடம். மூன்றாவது, பிறர் எழுதியதை அப்படியே எடுத்தாண்ட இடம்: மேற்கோள், நூல் தலைப்பு, சான்றிதழ். நான்காவது, மனிதர் படிக்க அல்லாமல் எந்திரம் படிக்க இருப்பது: இணைய முகவரி, கோப்புப் பெயர், விமான நிலையக் குறியீடு, நேர மண்டலப் பெயர்.

முதல் வகையில் மட்டும்தான் கேள்வி இல்லாமல் புது வடிவம். மற்ற மூன்றுக்கும் தனித்தனி விதி. சென்னையில் உட்கார்ந்து எழுதுபவருக்கு இது எளிதில் விளங்கும்: ஊர் சென்னை ஆனபின்னும் உயர் நீதிமன்றத்தின் ஆங்கிலப் பெயரில் மெட்ராஸ்தானே இருக்கிறது.

4. நகரத்தைக் குறிக்கும் இடங்கள்

புது வடிவம். இது ஒருவருடைய விருப்பம் அல்ல. 1995 அக்டோபரில் உக்ரைன் அரசின் சட்டச் சொல்லாக்க ஆணையம் இதை அதிகாரபூர்வ ஆங்கில எழுத்தாக முடிவு செய்தது. உலகம் மெதுவாகத்தான் வந்தது. அமெரிக்கப் புவிப்பெயர் வாரியம் 2019 ஜூனில் பழைய வடிவத்தைக் கைவிட்டுப் புதியதை மட்டும் வைத்துக்கொண்டது. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் அதே ஆண்டு ஆகஸ்டிலும் பிபிசி அக்டோபரிலும் மாறின. இந்த ஆண்டுகளை நினைவில் வைப்பதற்கு நடைமுறைக் காரணம் இருக்கிறது: 2014இல் வந்த ஒரு செய்தியில் பழைய வடிவம் இருந்தால் அது அந்தச் செய்தியாளரின் பிழை அல்ல, அன்றைய வழக்கம்.

ஓர் ஊரின் பெயரை அந்த ஊரார் சொல்கிறபடி எழுதுவது அவர்களுக்குச் செய்யும் குறைந்தபட்ச மரியாதை. ரஷ்யாவோடு போர் நடக்கும் நாட்டின் தலைநகரை ரஷ்ய உச்சரிப்பில் எழுதுவது அங்குள்ளவர்களுக்கு வலிக்கும். எழுதுபவருக்கு அந்த நோக்கம் இல்லாமல் இருக்கலாம். படிப்பவர் அதைத் தெரிந்துகொள்ள வழியில்லை.

நகரமும் மாகாணமும் வேறு என்பதையும் இந்த இடத்திலேயே சரிபாருங்கள். தலைநகருக்குத் தனி நிர்வாக அந்தஸ்து உண்டு; அதைச் சுற்றியுள்ள கீவ் ஒப்லாஸ்து வேறு நிர்வாகப் பகுதி. புச்சா, இர்பின் இரண்டும் ஒப்லாஸ்தில் உள்ள ஊர்கள், தலைநகரின் பகுதிகள் அல்ல. போரிஸ்பில் விமான நிலையமும் நகர எல்லைக்கு வெளியேதான் இருக்கிறது. புச்சாவில் நடந்ததைத் தலைநகரில் நடந்ததாக எழுதினால் ஸ்பெல்லிங் சரியாக இருந்தும் செய்தி தவறு. ஒப்லாஸ்து என்று எழுதத் தயக்கமாக இருந்தால் ஆங்கிலத்தில் ரீஜன் போதும்.

ஊர்ப் பெயர் அரசாங்கத்தையும் குறிக்கும். கீவ் மறுத்தது என்று ஆங்கிலத்தில் எழுதினால் உக்ரைன் அரசு மறுத்தது என்றுதான் வாசகர் எடுத்துக்கொள்வார். அதே பத்தியில் நகர மேயரும் வருகிறார் என்றால் குழப்பம் நிச்சயம். அங்கே அரசு என்றோ நகராட்சி என்றோ வெளிப்படையாக எழுதுங்கள்.

நாட்டின் பெயரையும் ஒருமுறை பாருங்கள். உக்ரைனுக்கு முன்னால் தி போடக் கூடாது. அது ஒரு தனி நாட்டை ஏதோ ஒரு பெரிய நிலத்தின் பகுதி போலக் காட்டும் பழைய பழக்கம்.

5. நிறுவனம், அணி, உணவு, கப்பல்

விதி எளிது: சம்பந்தப்பட்டவர் தன் ஆங்கிலப் பெயரை எப்படி எழுதுகிறாரோ அப்படி. டைனமோ கால்பந்து அணி புது வடிவம். தாரஸ் ஷெவ்சென்கோ தேசியப் பல்கலைக்கழகமும் புது வடிவம். அதில் ஊர்ப் பெயர் கடைசியில், ஆஃப் என்பதை அடுத்து வரும். அந்த வரிசையை மாற்றி ஊர்ப் பெயரை முன்னால் தூக்கிப் போடுவது அடிக்கடி நடக்கும் பிழை. கீவ்-மொஹிலா அகாடமியில் நடுவில் இணைப்புக்கோடு உண்டு, அது விட்டுப்போகும்.

முடிந்துபோன பொருள்களுக்கு அவற்றின் காலத்துப் பெயர். சோவியத் காலத்தில் அங்கே அர்செனல் தொழிற்சாலையில் தயாரான கேமராக்கள் பலவற்றின் மேலேயே பழைய வடிவம்தான் பொறித்திருக்கும். சோவியத் கடற்படையின் விமானந்தாங்கிக் கப்பலும் அதே பெயரில்தான் ஆவணங்களில் இருக்கிறது. அவற்றைத் திருத்தினால் தேடுபவருக்குக் கிடைக்காது.

சிக்கன் கீவ் என்று நகரின் பெயரையே தாங்கிய, வெண்ணெய் பொதிந்து பொரித்த கோழிக்கறிதான் எல்லோரையும் தடுமாற வைப்பது. அசோசியேட்டட் பிரஸ் 2019இல் நகரின் பெயரை மாற்றியபோதும் உணவின் பெயரைப் பழைய வடிவத்திலேயே வைத்துக்கொண்டது. 2022க்குப் பிறகு பிரிட்டனில் சில சூப்பர் மார்க்கெட்டுகள் பொட்டலத்திலேயே புது வடிவத்துக்கு மாறின. நடைக் கையேடு ஏதாவது சொன்னால் அதைப் பின்பற்றுங்கள். ஒன்றும் சொல்லவில்லை என்றால் புது வடிவம் போடலாம். ஒரே கட்டுரையில் இரண்டும் வரக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் 1991 ஆகஸ்ட் 1 அன்று அன்றைய அமெரிக்க அதிபர் ஜார்ஜ் ஹெச். டபிள்யூ. புஷ் அந்த நகரில் ஆற்றிய உரைக்கு இந்த உணவின் பெயரைச் சேர்த்து ஒரு பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. அது பிறர் வைத்த பெயர்; பழைய வடிவத்திலேயே விடுங்கள்.

6. வரலாற்றில் வரும்போது

1943இல் நடந்த போரைப் பற்றி எழுதுகிறீர்கள். அப்போதைய ஆங்கில ஏடுகள் எல்லாம் பழைய வடிவம். எதைப் போடுவது? நகரம் அதே நகரம். எனவே உங்கள் சொந்த வாக்கியத்தில் புது வடிவம், முதல் தடவை மட்டும் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் பழையது. பழைய ஆவணங்களைத் தேடிப் போகும் வாசகருக்கு அந்த ஒரு குறிப்பு போதும். 1991க்கு முன் பழையது, பின் புதியது என்று பிரித்து எழுதுபவர்களும் உண்டு. கட்டுரை அந்த ஆண்டைத் தாண்டிப் போகும்போது பத்தியின் நடுவில் ஊரின் பெயர் மாறும். பெயர் அறியாத வாசகர் இரண்டு ஊர் என்று நினைத்துவிடுவார். அதனால் அந்த முறையை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

கீவை மையமாகக் கொண்டிருந்த இடைக்கால ரூஸ் அரசின் பெயர் தனிச் சங்கதி. பழைய வடிவத்தோடு ஏ-என் சேர்த்து எழுதுவதுதான் பல்லாண்டு வழக்கம். புது வடிவத்தோடு ஏ-என் சேர்த்து எழுதும் வரலாற்றாசிரியர்கள் இப்போது பெருகி வருகிறார்கள். இரண்டும் இன்று அச்சில் இருக்கின்றன. ஆய்விதழுக்கு அனுப்புகிறீர்கள் என்றால் அந்த இதழின் அண்மை இதழ்களைப் பாருங்கள். நகரவாசியைக் குறிக்கவும் புது வடிவத்தோடு ஏ-என் சேர்த்தால் போதும்.

7. சான்றிதழ்களும் விண்ணப்பங்களும்

இங்கே நேரும் தவறுக்குத்தான் விலை அதிகம். 2022 பிப்ரவரிக்கு முன் உக்ரைனில் மருத்துவம் படித்த இந்திய மாணவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் கணிசம். அவர்களுடைய மதிப்பெண் பட்டியல் ஒரு வடிவத்திலும், பட்டம் இன்னொரு வடிவத்திலும், ஊரில் எடுத்த ஆங்கில மொழிபெயர்ப்பு மூன்றாவது வடிவத்திலும் இருக்கலாம்.

விதி: கொடுக்கப்பட்ட ஆவணத்தைத் திருத்தாதீர்கள், அதில் உள்ளபடி எடுத்தெழுதுங்கள். படிவத்தில் கல்லூரியின் பெயர், வழங்கிய இடம் என்ற கட்டங்களில் ஆவணத்தில் எந்த ஸ்பெல்லிங்கோ அதே ஸ்பெல்லிங். சரிபார்ப்பவர் படிவத்தையும் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பார்ப்பார். நீங்கள் நல்லெண்ணத்தில் செய்த திருத்தம் அவருக்கு முரண்பாடாகத் தெரியும்.

அப்போஸ்டில் தாளை, அதாவது ஆவணம் வெளிநாட்டில் செல்லுபடியாக இணைக்கப்படும் சான்றுத் தாளை, தனியாகப் பாருங்கள். அதில் 1 முதல் 10 வரை எண்ணிட்ட வரிகள் இருக்கும். 5ஆம் எண்ணில் சான்றளித்த இடம் வரும். பட்டத்தில் பழைய வடிவமும் அந்த 5ஆம் வரியில் புது வடிவமும் இருந்தால் பயப்பட வேண்டாம். இணைப்புக் கடிதத்தில் ஒரே ஒரு வரி எழுதுங்கள்: இரண்டு ஸ்பெல்லிங்கும் உக்ரைன் தலைநகரான ஒரே நகரத்தைக் குறிக்கின்றன, முதலாவது ரஷ்ய மொழி வழி வந்தது, இரண்டாவது உக்ரைன் மொழி வழி வந்தது என்று. இரண்டு ஸ்பெல்லிங்கையும் அந்த வரியில் அப்படியே போடுங்கள்.

புதிதாக மொழிபெயர்ப்பு எடுக்கப் போகிறவர்கள், வேலையைக் கொடுக்கும்போதே எந்த ஸ்பெல்லிங் வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். மூல ஆவணம் உக்ரைன் மொழியில் மட்டும் இருந்தால் புது வடிவம். மூலத்திலேயே ஆங்கிலப் பகுதி இருந்தால் அதில் உள்ளது. முத்திரை குத்திய பிறகு மாற்றச் சொன்னால் மறுபடி முதலிலிருந்துதான்.

மேற்கோள்களுக்கும் நூல் தலைப்புகளுக்கும் இதே விதி: உள்ளது உள்ளபடி.

8. எந்திரம் படிக்கும் இடங்கள்

இணைய முகவரிகளில் ஓர் எழுத்து மாறினாலும் இணைப்பு அறுந்துவிடும். உக்ரைனில் பழைய வடிவத்தில் ஒரு டொமைனும் புது வடிவத்தில் ஒரு டொமைனும் தனித்தனியே இருக்கின்றன. ஒன்றை மாற்றினால் அடுத்ததில் அதே பக்கம் இருக்கும் என்று நம்பக் கூடாது.

விமான நிலையக் குறியீடு ஐ-இ-வி பழைய பெயரிலிருந்து வந்ததுதான். ஆனால் நகரின் பெயர் மாறினாலும் குறியீடு மாறவில்லை. பயணச்சீட்டில் அதைத் திருத்தப் போகாதீர்கள். அது ஷூலியானி விமான நிலையத்துக்கு உரியது, போரிஸ்பிலுக்கு கே-பி-பி.

நிரலாளர்களுக்கு ஒரு குறிப்பு. உலக நேர மண்டலத் தரவுத்தளத்தில் 2022 ஆகஸ்டில் ஐரோப்பா என்பதை அடுத்து வரும் நகரப் பெயர் புது வடிவத்துக்கு மாறியது. பழைய பெயர் மாற்றுப்பெயராக இன்னும் வேலை செய்கிறது. பல நாளாக அப்டேட் செய்யாத சர்வரில் புதுப் பெயரைக் கொடுத்தால் அப்படி ஒரு மண்டலமே இல்லை என்று பிழை வரும். முதலில் தரவுத்தளத்தை அப்டேட் செய்யுங்கள், பிறகு பெயரை மாற்றுங்கள். பயனர் கண்ணுக்குத் தெரியும் பட்டியலில் மட்டும் உடனே மாற்றிவிடலாம்.

9. இப்போது தேடி மாற்றலாம்

ஓரக் குறிப்புகள் தயாராக இருந்தால் இது பத்து நிமிட வேலை. தேடலில் முழுச் சொல் மட்டும் என்பதை இயக்குங்கள். இல்லாவிட்டால் மாஸ்கோவில் உள்ள கியெவ்ஸ்கயா மெட்ரோ நிலையத்தின் பெயரும் நடுவில் உடையும். அது ரஷ்யாவில் உள்ள ரஷ்யப் பெயர், மாறக் கூடாது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டையும் இயக்குங்கள். முழுவதும் பெரிய எழுத்தில் இருக்கும் தலைப்புகளைத் தனிச் சுற்றில் தேடுங்கள்.

எல்லாவற்றையும் மாற்று என்ற பொத்தானைத் தொடாதீர்கள். ஒவ்வொன்றாக நிறுத்தி, ஓரத்தில் முதல் வகை என்றோ, புது வடிவம் என்று முடிவான இரண்டாம் வகை என்றோ குறித்திருந்தால் மட்டும் மாற்றுங்கள். முடிந்ததும் தலைகீழாக ஒரு தேடல்: இடம் மாறிய கே-ஐ-ஒய்-வி எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று. படத்தின் கீழுள்ள விளக்கம், வரைபடத்துக்குள் பதிந்த எழுத்து, அட்டவணைத் தலைப்பு ஆகியவை இந்தத் தேடலுக்குத் தப்பிவிடும். கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

10. கூட வரும் மற்ற ஊர்ப் பெயர்கள்

தலைநகரை உக்ரைன் முறைப்படி எழுதிவிட்டு அடுத்த வரியில் ஹார்கிவை ரஷ்ய முறைப்படி ஓ-வி என்று முடிப்பது அரைகுறை வேலை. அதன் முடிவு ஐ-வி. லிவிவும் ஐ-வி. ஒடேசாவுக்கு ஒரே ஒரு எஸ். மிகோலாயிவ் எம்-இல் தொடங்க வேண்டும். என்-இல் தொடங்கினால் அது ரஷ்ய வடிவம். ஸபோரிஷ்யாவில் இசட்-ஹெச் என்ற இணை இரண்டு தடவை அடுத்தடுத்து வரும், ஏனென்றால் உக்ரைன் எழுத்திலும் அந்த ஒலிக்கான எழுத்து இரட்டிக்கிறது. அவசரத்தில் ஒன்றை விழுங்கிவிடுவார்கள்.

த்னிப்ரோவில் ஒரு பொறி இருக்கிறது. 2016இல் நகரத்தின் பெயர் சுருங்கி த்னிப்ரோ ஆனது. அதைச் சுற்றியுள்ள ஒப்லாஸ்தின் பெயரில் த்னிப்ரோபெத்ரோவ்ஸ்க் என்ற நீண்ட வடிவம் தொடர்ந்தது. இரண்டையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். அணு உலை விபத்து நடந்த ஊருக்கு உக்ரைன் வடிவத்தில் முதல் உயிரெழுத்து ஓ. ஆனால் 1986 விபத்தின் பெயராக இ வரும் வடிவத்தையே பல ஆங்கில ஏடுகள் வைத்திருக்கின்றன. அங்கே நடைக் கையேட்டின்படி போங்கள்.

11. வாயால் சொல்லும்போது

ஒய்-யைப் பார்த்ததும் ஸ்கை என்ற சொல் நினைவுக்கு வந்து கைவ் என்று படிப்பது நம்மிடையே பரவலான தவறு. ஆங்கிலத்தில் கீ-இவ் என்று இரண்டு அசையாகச் சொல்லுங்கள், அழுத்தம் முதல் அசையில். வேகமாகப் பேசும்போது கீவ் என்று ஓர் அசையாக ஒலித்தால் பரவாயில்லை. கீ-யெவ் என்பது பழைய வடிவத்தின் உச்சரிப்பு. கை புது வடிவத்தை எழுதியும் வாய் பழையதைச் சொல்வது மேடையில் அடிக்கடி நடக்கிறது.

உக்ரைன்காரரோடு பேசப் போகிறீர்கள் என்றால் இன்னும் நெருங்கலாம். முதல் உயிரொலி நம் இகரத்துக்கும் எகரத்துக்கும் நடுவில், குறிலாக. அடுத்து யி. கடைசி வி-யில் கீழுதடு பல்லைத் தொடாது. உதடு குவிந்து உகரம் போல முடியும். கியிஉ என்று மெதுவாகத் தொடங்கி வேகம் கூட்டினால் பெரும்பாலும் சரியாக வந்துவிடும்.